புள்ளியும் விலக்குக் குறியும்

ஓசூர்ப் பட்டறைகளில் சி.என்.சி. யந்திரம் ஓடுவதைப் பார்த்தவர்கள், அதன் எதிரே இருக்கும் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்திருப்பார்கள். அவர் சோம்பேறியல்லர். அவர் கையால் செய்யவேண்டிய வேலை முழுவதும் முன்னரே எழுத்தாகிவிட்டது. எந்தக் கருவி, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பனவெல்லாம் வரிவரியாக எழுதப்பட்டு யந்திரத்தின் நினைவில் ஏற்றப்பட்டிருக்கின்றன. இவ்வெழுத்துக்கு நிரல் என்று பெயர். பட்டறையில் புரோகிராம் என்பார்கள். 1980-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் இவ்வூரிலிருந்து வெளிவந்தது. கனரக வண்டிகளும் கைக்கடிகாரங்களும் அந்தப் பத்தாண்டிலேயே இங்கே உருவாகத் தொடங்கின. இப்பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிலும் கிளைத்தன. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரம், பீன்யா என்று கர்நாடகத்துத் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. வேலை எல்லையைத் தாண்டிப் போகும். வேலையோடு நிரலும் போகும்.

அப்படிப் போகும் நிரலில் ஒரு புள்ளி விடுபட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபானுக் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றில், தூரத்தைக் குறிக்கும் எண்ணோடு தசமப் புள்ளி இல்லையென்றால், அவ்வெண் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கொள்ளப்படும். இசட் 50 என்றெழுதிப் புள்ளி வைத்தால் அது 50 மில்லிமீட்டர். புள்ளியை விட்டுவிட்டால் 0.05 மில்லிமீட்டர்; ஒரு தலைமயிரின் பருமன். புள்ளியில்லாத எண்ணையும் முழு மில்லிமீட்டராகவே கொள்ளும்படி யந்திரத்தை அமைத்துக்கொள்ளவும் வழியுண்டு. அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அவ்வாறு அமைத்த யந்திரத்தில் மாதக்கணக்காகச் சரியாக ஓடிய நிரல், வேறு விதமாக அமைத்த யந்திரத்துக்குப் போனவுடன் வேறு பொருள் கொள்கிறது. துளையிட்ட கருவி வேலைப் பொருளுக்கு மேலே 50 மில்லிமீட்டர் எழும்பவேண்டும் என்பது எழுதியவரின் எண்ணம். அது தலைமயிரளவே எழும்பி, அடுத்த வரியில் சொன்னபடி அதிவேகமாகப் பக்கவாட்டில் பாயும். வழியில் வேலைப் பொருளை இறுக்கியிருக்கும் பிடிப்பான் நிற்கும். கருவி ஒடியும், சில சமயம் கருவியைச் சுழற்றும் தண்டே கெடும். பட்டறைக்காரருக்கு அது பல நாள் வருமானம்.

ஆகவே, நிரலை யந்திரத்தில் ஏற்றுமுன் புள்ளி விடுபட்ட இடங்களைக் கணினியில் தேடிக் கண்டுபிடித்துவிடுவது நல்லது. ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் தேடுவது நடவாத காரியம். இன்ன சொல்லைத் தேடு என்று கணினிக்குச் சொல்லவும் முடியாது. ஏனெனில் நாம் தேடுவது ஒரு குறிப்பிட்ட சொல்லையன்று, ஒரு வடிவத்தை. வடிவத்தைச் சொல்லித் தேடுவதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒரு முறை உண்டு. ஸ்டீபன் க்ளீனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1956-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் வேர் இருக்கிறது. கென் தாம்ஸன் 1968-இல் இதனைக் கணினியில் எழுத்துகளைத் தேடும் கருவியாக்கும் வழியை வெளியிட்டார். நாம் இதனைத் தேடல் வாய்பாடு என்று அழைக்கலாம்.

வாய்பாடு என்னும் சொல்லை நான் வேண்டுமென்றே எடுத்தேன். யாப்பிலக்கணம் பயின்றவர்களுக்கு இம்முறை புதிதன்று. நேரசையும் நேரசையும் சேர்ந்து வரும் சீர் எதுவானாலும் அதற்குத் தேமா என்று பெயர். வானம் என்பதும் தேமா. பாடல் என்பதும் தேமா. அங்கே தேமா என்பது மாமரத்தைக் குறிப்பதன்று. ஒரு வடிவத்தைக் குறிப்பது. தேடல் வாய்பாட்டிலும் அப்படியே. புள்ளி என்றால் ஏதேனும் ஓர் எழுத்து. நட்சத்திரக் குறி என்றால் முன்னே உள்ளது எத்தனை முறை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கூட்டற் குறி என்றால் ஒரு முறையேனும் வரவேண்டும். பிறை அடைப்பு என்றால் உள்ளே இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கொள்.

இப்போது சிக்கல் தெரிந்திருக்கும். யாப்பில் தேமா என்று சொல்லும்போது ஒருவர் உண்மையிலேயே மாமரத்தைத்தான் சொல்கிறார் என்றால் என்ன செய்வது? நிரலில் புள்ளியையே தேடவேண்டும் என்றால் என்ன செய்வது? எக்ஸ் 25 புள்ளி என்பதை எக்ஸ் 26 புள்ளி என்று மாற்ற நினைத்து, தேடல் வாய்பாட்டில் அப்படியே எழுதினால், புள்ளி "ஏதேனும் ஓர் எழுத்து" ஆகிவிடும். எக்ஸ் 250 புள்ளியும் அதில் அகப்பட்டு, 26-உம் அடுத்தடுத்து இரண்டு புள்ளிகளுமாக மாறும். அது ஒருவகையில் நல்லது. யந்திரம் அதை ஏற்காமல் எச்சரிக்கும். ஆனால் புள்ளியில்லாத எக்ஸ் 253 என்பது சத்தமில்லாமல் எக்ஸ் 26 புள்ளி ஆகிவிடும். யந்திரத்துக்கு அது முறையான வரி. கால் மில்லிமீட்டர் போகவேண்டிய கருவி 26 மில்லிமீட்டர் போகும்.

தமிழ் இலக்கணம் இச்சிக்கலுக்கு நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு தீர்வு கண்டிருக்கிறது. 'அ' என்று மட்டும் சொன்னால் அது சுட்டாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். எழுத்தைத்தான் சொல்கிறோம் என்று காட்ட, கரம், காரம் என்னும் சாரியைகளைச் சேர்த்து அகரம், ஆகாரம் என்கிறோம். அச்சாரியைக்குத் தனியே பொருள் இல்லை. அடுத்திருப்பதன் வழக்கமான வேலையை விலக்கி, அதை அதுவாகவே நிறுத்துவதே அதன் தொழில். கணினியில் இத்தொழிலைச் செய்யும் குறிக்கு எஸ்கேப் குறி என்று பெயர். விலக்கு அளிப்பதால் விலக்குக் குறி என்று சொல்லலாம். சாரியை பின்னே வரும், இது முன்னே வரும், அவ்வளவே வேறுபாடு.

வழக்கமாக இவ்வேலையைச் செய்வது பின்சாய்கோடு. பேக்ஸ்லாஷ் என்று கணினி படித்தவர்கள் சொல்வது. இதற்கு ஏன் இப்பதவி கிடைத்தது? பாப் பீமர் என்னும் ஐ.பி.எம். பொறியாளர் 1961-இல் இக்குறியைக் கணினி எழுத்துத் தொகுதியில் சேர்க்கச் செய்தார். 'உம்', 'அல்லது' என்று பொருள்படும் இரண்டு தருக்கக் குறிகளை, முன்சாய்கோட்டையும் பின்சாய்கோட்டையும் சேர்த்து எழுதிக் காட்டலாம் என்பது அவர் கருத்து. அப்பயன் நிலைக்கவில்லை. கடிதத்திலும் கணக்கிலும் யாரும் பின்சாய்கோடு எழுதுவதில்லை. சாதாரண எழுத்தில் அதற்கு வேலையே இல்லை என்பதுதான் விலக்குக் குறியாவதற்கு அது பெற்றிருந்த ஒரே தகுதி. ஆனால் வேலையில்லாமல் இருப்பவனை எல்லோருமே கூப்பிடுவார்கள் அல்லவா? யூனிக்ஸ் கூப்பிட்டது, சி மொழி கூப்பிட்டது. 1983-இல் எம்.எஸ்.-டாஸ் இரண்டாம் பதிப்பு, கோப்புகள் இருக்கும் பாதையைக் காட்டவும் அதையே அமர்த்திக்கொண்டது. முன்சாய்கோட்டுக்கு அங்கே முன்பே வேறு வேலை கொடுத்திருந்தார்கள்.

இதனால் விளைந்த தொல்லை சிறிதன்று. சி, ஜாவா போன்ற மொழிகளில் எழுத்துச் சரத்துக்கும் பின்சாய்கோடே விலக்குக் குறி. அதற்குள் எழுதப்படும் தேடல் வாய்பாட்டுக்கும் அதுவே விலக்குக் குறி. கோப்புப் பாதையில் உள்ள ஒரே ஒரு பின்சாய்கோட்டைத் தேட, வாய்பாட்டில் இரண்டு எழுதவேண்டும். அவ்விரண்டும் சரத்தைத் தாண்டி உயிரோடு போய்ச்சேர நான்கு எழுதவேண்டும். நான்கில் ஒன்று குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. பைத்தான் மொழியில் சரத்தின் முன் 'ஆர்' எழுத்தை இட்டு, சரத்தின் அளவில் பின்சாய்கோட்டின் அதிகாரத்தை நீக்கிவிட வழி செய்திருக்கிறார்கள். சி பிளஸ் பிளஸ் மொழிக்கு அந்த வசதி 2011-இல்தான் வந்தது.

நாடு மாறினாலும் தொல்லை மாறவில்லை. ஏழு பிட் எழுத்துத் தொகுதிகளின் காலத்தில், பின்சாய்கோட்டுக்கு உரிய இடத்தில் ஜப்பானியர் தம் நாணயமான யென்னின் குறியை வைத்தார்கள். ஜெர்மானியர் தம் மொழிக்குரிய ஓர் உயிரெழுத்தை வைத்தார்கள். அங்கெல்லாம் சி மொழியில் எழுதுவோருக்காக, இரண்டு வினாக்குறியும் ஒரு சாய்கோடும் சேர்ந்தால் பின்சாய்கோடு என்று 1989-ஆம் ஆண்டுத் தரநிலையில் விதி செய்தார்கள். அழகான ஏற்பாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சி மொழியின் அண்மைத் தரநிலையில் அதை நீக்கியும்விட்டார்கள்.

நம் நாட்டிலும் இதன் உறவான ஒன்று இருந்தது. ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும். ஓசூர் என்ற பெயரே 'புதிய ஊர்' என்னும் கன்னடப் பொருளுடையது. அவ்வ என்றால் கன்னடத்தில் தாய், தெலுங்கில் அவ்வா என்றால் பாட்டி. யார் எந்த மொழியில் பேசுகிறார் என்பது தெரிந்தால்தான் பொருள் தெரியும். இந்தியத் தர நிறுவனம் 1991-இல் வெளியிட்ட 'இஸ்கி' எழுத்துத் தொகுதி ஏறக்குறைய இப்படித்தான் அமைந்தது. தமிழ்க் ககரத்துக்கும் கன்னடக் ககரத்துக்கும் ஒரே எண். இனி வருவது தமிழ், இனி வருவது கன்னடம் என்று அறிவிக்க ஒரு தனிக் குறி. அக்குறி தொலைந்தால் தமிழ்க் கடிதம் கன்னட எழுத்தில் நிற்கும். யுனிகோடு இதற்கு வேறு வழி கண்டது: ஒவ்வொரு லிபிக்கும் தனித்தனி இடம் கொடுத்துவிட்டால் அறிவிப்புக் குறியே வேண்டாம். விலக்குக் குறியை மாற்றுவது ஒரு வழி. அது தேவைப்படாதபடி செய்வது இன்னொரு வழி. இவ்விரண்டாம் வழிக்கு மீண்டும் வருவேன்.

முதல் வழியில் போனவர்கள் பலர். பிரேசில் நாட்டில் 1993-இல் பிறந்த லூவா மொழியின் ஆசிரியர்கள், தம் தேடல் வாய்பாட்டுக்குப் பின்சாய்கோட்டை விட்டுச் சதவீதக் குறியைத் தேர்ந்தார்கள். சரத்துக்கு ஒன்று, வாய்பாட்டுக்கு வேறொன்று. இரட்டிப்பும் நாலு மடங்கும் ஒழிந்தன. அச்சுக்கோப்புக்கான டிராஃப் என்னும் பழைய யூனிக்ஸ் மென்பொருளில், விலக்குக் குறி எதுவென்பதை எழுதுபவரே ஒரு கட்டளையால் மாற்றிக்கொள்ளலாம். தரவுத்தளங்களைக் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழியில் 'லைக்' என்னும் தேடலுக்குப் பின் 'எஸ்கேப்' என்று எழுதி, நமக்கு வேண்டிய குறியை நாமே நியமிக்கலாம். அங்கே அடிக்கோடு என்பது ஏதேனும் ஓர் எழுத்து. உதிரிப் பாக எண்களில் அடிக்கோடு தாராளமாக வருகின்ற இப்பகுதிப் பண்டகசாலைகளில், இவ்வசதியை அறியாதவர்கள் கேட்காத பாகங்களும் பட்டியலில் வருவதைக் கண்டு திகைப்பார்கள்.

இதையொட்டிய இன்னொரு சுதந்திரமும் உண்டு. 'செட்' என்னும் யூனிக்ஸ் கருவியில் தேடுவதையும் மாற்றுவதையும் பிரித்துக் காட்ட முன்சாய்கோடு இடுவது வழக்கம். தமிழ்நாட்டுப் பட்டா ஆவணங்களில் புல எண்ணையும் உட்பிரிவையும் பிரிப்பதும் முன்சாய்கோடே. தொழிற்பேட்டைக்கு எடுத்த நிலங்களின் பட்டியலை அதில் திருத்தப் புகுந்தால், ஒவ்வொரு புல எண்ணிலும் விலக்குக் குறி இடவேண்டி வரும். வேண்டாம். அங்கே பிரிகுறியாக வேறு எதையும் வைத்துக்கொள்ளலாம். ஒரு செங்குத்துக் கோடு போதும்.

எதைத் தேர்வது? நூல் எழுதுவோர் இதற்குப் பொது விதி சொல்லத் துணிவார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தேடப்படும் எழுத்தைப் பார்த்துத்தான் விலக்குக் குறியைத் தேரவேண்டும். பட்டறை நிரலை எடுத்துக்கொள்வோம். நிரலின் தொடக்கத்திலும் முடிவிலும் சதவீதக் குறி நிற்கும். துளையிட்ட காகித நாடாக் காலத்தின் எச்சம் அது. முன்சாய்கோடு வரித் தொடக்கத்தில் வந்தால், வேண்டும்போது அவ்வரியைத் தாண்டிச் செல் என்று பொருள். பிறை அடைப்புக்குள் இருப்பது மனிதருக்கான குறிப்பு. எண் குறி மாறிகளைச் சுட்டும், நட்சத்திரம் பெருக்கல், சதுர அடைப்பு கணக்கீடு. இவையெல்லாம் தம் தம் வேலையில் இருப்பவை. மிஞ்சுவன சில. அலைக்குறி பொருந்தும்போல் தோன்றும். ஆனால் மங்கிய அச்சில் அது கழித்தற் குறி போலத் தெரியும். கழித்தற் குறி இருக்கிறதா இல்லையா என்பதில் கருவியின் திசையே அடங்கியிருக்கும் இடத்தில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வியப்புக்குறி நல்லது. கண்ணுக்குத் தெளிவு, எல்லா விசைப்பலகையிலும் உண்டு, நிரலில் பெரும்பாலும் வருவதில்லை. ஆயினும் யூனிக்ஸ் கட்டளை வரியில் வியப்புக்குறிக்கு முன்பே வேலையுண்டு. பழைய கட்டளைகளைத் திரும்ப அழைப்பது அது. ஆதலால் வாய்பாட்டைக் கோப்பில் எழுதும்போது வியப்புக்குறி சரி. கட்டளை வரியில் நேராகத் தட்டும்போது சரியன்று.

பெரும்பாலான தேடல் கருவிகள் விலக்குக் குறியை மாற்றிக்கொள்ள இடம் தருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அப்போது நம் குறியில் எழுதிய வாய்பாட்டைப் பின்சாய்கோட்டு வாய்பாடாக மொழிமாற்றித் தரும் சிறு நிரல் ஒன்றை நாமே எழுதிக்கொள்ளலாம். பார்வைக்கு எளிது, வியப்புக்குறி வரும் இடமெல்லாம் பின்சாய்கோடு என்று மாற்றினால் போதும் என்று தோன்றும். போதாது. வியப்புக்குறியையே தேடவேண்டுமானால் அதை இரட்டித்து எழுதுவோம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் அது இரண்டு பின்சாய்கோடுகளாகி, பின்சாய்கோட்டைத் தேடத் தொடங்கும். இடமிருந்து வலமாக ஒரே நடையில் படிக்கவேண்டும். வியப்புக்குறியைக் கண்டால் அடுத்த எழுத்தையும் சேர்த்தெடுத்துப் பார்க்கவேண்டும். அதுவும் வியப்புக்குறியானால் ஒற்றை வியப்புக்குறி இடுக. வேறானால் பின்சாய்கோட்டை இட்டு அவ்வெழுத்தை இடுக. நம் வாய்பாட்டில் இப்போது சாதாரண எழுத்தாகிவிட்ட பின்சாய்கோடு வந்தால் அதை இரண்டாக்குக. கடைசியில் துணையில்லாமல் ஒரு வியப்புக்குறி நின்றால் அது பிழை என்று சொல்லி நிறுத்துக. பலர் மறக்கும் இடம் இந்தக் கடைசி விதி.

கருவிக்குக் கருவி வழக்கு வேறுபடும் என்பதும் நினைவிலிருக்கட்டும். யூனிக்ஸின் பழைய வாய்பாட்டு முறையில் பிறை அடைப்பு தனியே நின்றால் வெறும் அடைப்புத்தான்; பின்சாய்கோடு சேர்ந்தால்தான் அதற்குச் சிறப்புப் பொருள் வரும். புதிய முறையில் இது நேர்மாறு. நிரலில் உள்ள குறிப்புகளைத் தேடுகிறவர், தம் கருவி எந்த வழக்கைச் சேர்ந்தது என்று அறியாமல் பின்சாய்கோடு இட்டால், விலக்கு அளிப்பதாக நினைத்து அதிகாரம் அளித்துவிடுவார்.

இனி இரண்டாம் வழி. சதுர அடைப்புக்குள் புகுந்த எழுத்துகளில் பெரும்பாலானவை தம் சிறப்புப் பொருளை வாசலிலேயே விட்டுவிடும். புள்ளியைச் சதுர அடைப்பில் வைத்தால் அது புள்ளியே. பின்சாய்கோடும் வேண்டாம், வியப்புக்குறியும் வேண்டாம். எத்தனை அடுக்கு தாண்டினாலும் அது கெடாது. ஜப்பானிய விசைப்பலகையில் தட்டினாலும் அதுவே. புள்ளி விடுபட்ட இடங்களைத் தேடும் வாய்பாட்டை இவ்வழியில் முழுமையாகவே எழுதிவிடலாம். முதலில் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் ஒரு சதுர அடைப்பில். அடுத்துக் கழித்தற் குறியும் வினாக்குறியும். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்பது பொருள். பிறகு 0 முதல் 9 வரை ஒரு சதுர அடைப்பில், அதன்மேல் கூட்டற் குறி. இறுதியில் இன்னொரு சதுர அடைப்பு. அதற்குள் முதலில் 'இவை அல்லாதது' என்று பொருள்படும் தொப்பிக் குறி, பின் புள்ளி, பின் 0 முதல் 9 வரை. எண் வரியின் கடைசியிலேயே முடிவதும் உண்டாதலால், 'அல்லது வரியின் முடிவு' என்பதையும் சேர்க்கவேண்டும்.

கடைசி அடைப்பில் புள்ளி மட்டும் போதாதா, இலக்கங்கள் எதற்கு என்று கேட்கலாம். புள்ளி மட்டும் இருந்தால், எக்ஸ் 250 புள்ளி என்ற சரியான வரியிலும் கருவி ஒரு சூழ்ச்சி செய்யும். 250-க்குப் பின் புள்ளி வந்ததால் பொருந்தவில்லை என்று கண்டு, ஓர் அடி பின்வாங்கி, 25 என்பதை எண்ணாகவும் அடுத்த சுழியத்தைப் 'புள்ளியல்லாத எழுத்தாகவும்' கொண்டு, பொருந்திவிட்டது என்று அறிவிக்கும். இலக்கங்களையும் விலக்கினால் அந்த வழி அடைபடும்.

நம்புவதற்கு முன் ஐந்தே வரிகள் கொண்ட ஒரு கோப்பில் இதைச் சோதித்துக்கொள்ளலாம். புள்ளியில்லாத இசட் 50. புள்ளியுள்ள இசட் 50. புள்ளியில்லாத இசட் கழித்தல் 50. புள்ளியுள்ள எக்ஸ் 250. வெறும் இசட் 0. வாய்பாடு முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது ஆகிய மூன்றையும் பிடிக்கவேண்டும். மற்ற இரண்டையும் தொடக்கூடாது. ஐந்தாவதைப் பற்றிக் கவலை வேண்டாம்; சுழியத்துக்குப் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது சுழியந்தான். கடைசல் யந்திரத்து நிரலானால் யு, டபிள்யூ என்னும் இரண்டு எழுத்துகளையும் முதல் அடைப்பில் சேர்த்துக்கொள்ளவேண்டும். கருவி நின்ற இடத்திலிருந்து எவ்வளவு நகரவேண்டும் என்பதை அங்கே அவை சொல்லும்.